ஷூவோடு வந்த வேட்பாளர்

இடைத்தேர்தல் வந்துவிட்டால் வெள்ளியம்பாளையத்தில் தென்னை மரங்கள்கூடத் தூங்காது. ஒலிபெருக்கி போட்ட போட்டில் இளநீர்க் குலைகள் தாமாகவே உதிர்ந்தன. தறிகள் கட்சிப் பாட்டின் தாளத்துக்கு ஓடத் தொடங்கியதில் ஒரு வாரத்துத் துண்டுகள் மொத்தமும் கோணல். போதாக்குறைக்கு அந்த வருஷம் ட்ரோன்கள் வேறு. வாக்காளர் பட்டியலை முழுசாக விழுங்கிவிட்டு வந்த அந்தப் பறவைகள், சன்னல் ஓரமாக நின்று ஒவ்வொருவரையும் பேர் சொல்லிக் கூப்பிட்டன. "துளசிமணி அக்கா, சௌக்கியமா? கால் வலி தேவலையா?" என்று ஒன்று குளியலறைச் சன்னலில் வந்து விசாரிக்க, துளசிமணி கையிலிருந்த சொம்பை விட்டெறிந்தாள். ட்ரோன் சாக்கடையில் விழுந்தது. விழுந்த இடத்திலிருந்தும் ஓட்டுக் கேட்டது.

ஒரு காலத்தில் இதே துளசிமணி, வேட்பாளர் தெருமுனையில் வருகிறார் என்றாலே அடுப்படிக்குள் புகுந்து கதவைச் சாத்திக்கொள்வாள். கணவர் போனபிறகு பனியன் கம்பெனிக்குப் பிசிறு வெட்டிக் கொடுத்துப் பிழைத்தவள், நாலு பேர் முன்னால் வாய் திறந்ததில்லை. இப்போது அவள்தான் அரிய நோய்க் குடும்பங்கள் சங்கத்தின் செயலாளர். அவள் பேச ஆரம்பித்தால் ஒலிபெருக்கிக்காரன் ஒயரைச் சுருட்டிக்கொண்டு வீட்டுக்குப் போய்விடுவான்.

பேச வைத்தது அவள் மகள் மிருதுளாவின் கால்.

மிருதுளாவின் நோய்க்கு இருக்கும் முழுப்பேர் மேட்டுப்பாளையம் ரயிலைவிட நீளம். கோயமுத்தூர் டாக்டரே பாதி வழியில் தண்ணீர் குடித்துவிட்டுத்தான் மீதியைச் சொல்வார். சங்கத்தில் எல்லோரும் அதைத் 'தளர்வு' என்றார்கள். பதினெட்டு வயதுக்கு மேல் எப்போதாவது வரும். வீட்டுக்காரரைத் தொந்தரவு செய்யாமல், தினம் ஒரு பாத்திரமாக எடுத்துப் போகிற திருடனைப் போன்றது. முதலில் பாதம். பிறகு முழங்கால். அப்புறம் விரல்கள். மிருதுளாவுக்கு இருபத்தாறு வயது. சக்கர நாற்காலியில் ஆறாவது வருஷம். இடது கை போய்விட்டது. வலது கை இருந்தது.

அந்த வலது கையை வைத்துக்கொண்டு அவள் குழந்தைச் சட்டைகளுக்குப் படம் வரைந்தாள். திருப்பூரிலிருந்து கப்பலேறி, பேர்கூட வாயில் நுழையாத நாட்டுப் பிள்ளைகள் எல்லாம் வெள்ளியம்பாளையத்து ஆட்டுக்குட்டியை நெஞ்சில் சுமந்துகொண்டு திரிந்தன.

தளர்வுக்கு மருந்து வந்துவிட்டது. போனதைத் திருப்பித் தராது, இருப்பதைக் காப்பாற்றும். ஆனால் ஓர் ஊசியின் விலைக்கு அவிநாசி ரோட்டில் ஒரு தெருவையே வளைத்துப் போடலாம். அரசாங்கக் காப்பீட்டுத் திட்டத்தில் சேர்த்தால்தான் உண்டு. அதற்குச் சட்டசபையில் ஒருவர் எழுந்து நின்று பிடிவாதம் பிடிக்க வேண்டும். அந்தச் சமயம் ஆட்சியே இந்த ஒற்றைத் தொகுதியில் தொங்கிக்கொண்டிருந்தது. இங்கே ஜெயிப்பவர் நிலாவைக் கேட்டாலும் நறுக்கித் தட்டில் வைத்துத் தருவார்கள். அவர் மருந்தைக் கேட்டால், மிருதுளாவின் வலது கை தங்கும்.

சங்கக் கூட்டம் துளசிமணி வீட்டு முன்னறையில் நடந்தது. மொத்த உறுப்பினர்களும் வந்து உட்கார்ந்த பிறகும் பாதிப் பாய் காலியாகக் கிடந்தது.

"நம்மளை ஆருங்க மதிப்பாங்க? ஒரு மினி பஸ் ரொம்பாத கூட்டம்" என்றார் தையல் மெஷின் மெக்கானிக் ஜமாலுதீன். அவர் மகன் அன்வருக்கும் தளர்வு. "அதுவும் ஓட்டுக் கேக்க வர்றவன் முன்னாடி எம் பையனை உக்கார வெச்சு வேடிக்கை காட்டணுமாக்கும்? எனக்கு ஒப்பலே தங்கச்சி."

"இத்தன வருஷமா கதவைச் சாத்திட்டு அழுதமே பாய், ஆராச்சும் கதவைத் தட்டி ஏன்னு கேட்டாங்களா?"

"அதுக்கு?"

"அதுக்குத்தான் சொல்றேன். வாசல்ல ஆரத்தி எடுத்து அனுப்பிப் போடாதீங்க. உள்ள கூப்புடுங்க. உக்கார வெய்யுங்க. காப்பி குடுங்க. கொதிக்கக் கொதிக்கக் குடுங்க, பாதில எந்திரிச்சுப் போக முடியாது. காப்பி ஆர்ற நேரம் நம்ம நேரம். அதுக்குள்ள நம்ம புள்ளைகளோட பேசிப் போடணும்."

ஜமாலுதீன் சிரிக்கக் கூடாது என்று எவ்வளவோ பார்த்தார். முடியவில்லை. "வாயி வெந்துட்டா வாக்குறுதி எப்படிக் குடுப்பான்?" என்றார்.

அந்தக் கூட்டத்துக்குத்தான் நேத்ரா வந்தாள். கோயமுத்தூரில் ஆராய்ச்சி செய்கிற பெண். ஒல்லியாக இருப்பாள். ஃபேனைக் கொஞ்சம் வேகமாக வைத்தால் காங்கேயம் வரை போய்விடுவாள். பையிலிருந்து இரண்டு பட்டைகளை எடுத்து வைத்தாள்.

"என்ன கண்ணு, பிரஷர் பாக்கறதாட்ட இருக்குது?" என்றாள் துளசிமணி.

"இல்லீங்க்கா. ஒண்ணை மிருது முழங்காலுக்குக் கீழ கட்டணும். இன்னொண்ணை வர்ற வேட்பாளர் காலுல. மிருது காலு எப்படி இருக்குதோ, மூணு நிமிஷத்துக்கு அவரு காலும் அப்படி ஆயிரும்."

"ஐயோ, வியாதி ஒட்டிக்குமா?"

"ஒட்டாதுங்க்கா. ரெண்டு காலையும் ஒப்பிட்டுப் பாக்கும். அவரு காலுல எது அதிகமா இருக்குதோ, அந்த வித்தியாசத்தை மட்டும் அமுக்கி வெச்சுக்கும். மூணு நிமிஷம் ஆனதும் திருப்பிக் குடுத்துரும்."

"காலுக்கு மட்டுந்தானா? முழு உடம்புக்கும் வெச்சா நல்லா உறைக்குமே" என்றார் ஜமாலுதீன்.

"மயங்கி விழுந்துருவாங்க பாய். அப்புறம் போலீஸ் கேஸாயிரும்."

முதலில் துளசிமணி கட்டிப் பார்த்தாள். ஆறு வருஷமாக மகளைத் தூக்கிக் குளிப்பாட்டி, தலை வாரி, சோறு ஊட்டியவள். தனக்குத் தெரியாதது என்ன இருக்கிறது என்ற நினைப்பு. பட்டை முனகியது. பாதம் இருந்த இடத்தில் பாதம் இல்லாமல் போயிற்று. கண்ணுக்குத் தெரிகிறது, தொட்டால் சூடு இருக்கிறது, அசை என்றால் அசையவில்லை. யாரோ தன் காலைக் கழற்றிவிட்டு வேறொருவர் காலை அங்கே வைத்த மாதிரி. மூன்று நிமிஷம் ஆனதும் விரல்கள் ஒவ்வொன்றாக வீடு திரும்பின.

"திரும்பி வந்துருச்சு கண்ணு" என்று ஆரம்பித்தவள், மகள் முகத்தைப் பார்த்ததும் பட்டையை அவிழ்க்கக் குனிந்தாள்.

"எனக்கு மட்டும் வராதும்மா" என்றாள் மிருதுளா சாதாரணமாக. "காப்பி போடு. எல்லாரும் உக்காந்திருக்காங்க."

ஒரு நிபந்தனை மட்டும் போட்டாள். "வர்றவங்களுக்கு என்ற காலைக் குடுக்கறேன். எல்லாரும் போன்ல படம் புடிச்சுக்கட்டும். ஆனா என்ற கதையைச் சொல்லி அழுகச் சொல்லாதீங்க. அது என்னுது."

பத்திரிகைகள் அதற்குப் 'பரிவுப் பட்டை' என்று பேர் வைத்தன. ஊர் 'அழுகாச்சிப் பட்டை' என்றது.

முதலில் வந்தவர் நல்லதம்பி. மில் முதலாளி. உடம்பில் தங்கத்தைத் தவிர மீதி எல்லாம் சிரிப்பு. தெருவில் நுழையும்போதே கும்பிட்ட கையை, தெருவைத் தாண்டும்வரை இறக்காதவர். மின்கம்பத்தையும் கும்பிடுவார். மாட்டையும் கும்பிடுவார். மாடு திரும்பப் பார்த்தால் ஓட்டு விழுந்துவிட்டது என்று நம்புவார்.

செருப்பை வாசலிலேயே உதறிவிட்டு, "அம்முணி, எப்புடி இருக்கறே கண்ணு?" என்று உள்ளே வந்தவர் காலில் நேத்ரா பட்டையைக் கட்டினாள். "எந்திரிச்சு ரெண்டு எட்டு வெய்யுங்க" என்றாள். எழுந்தார். பாதம் துவண்டது. மனிதர் மூட்டை சரிந்த மாதிரி விழுந்தார். அப்புறம் அவர் அழுத அழுகையை என்னவென்று சொல்வது! கட்சிக்காரர்கள் அழுதார்கள். டிரைவர் அழுதான். எதிர்வீட்டு நாய் விடாமல் ஊளையிட்டது. மேல்துண்டைப் பிழிந்தால் பவானிசாகரில் ஓரடி தண்ணீர் ஏறியிருக்கும்.

"இந்தப் பொண்ணு இனி என்ற பொண்ணு!" என்று தரையில் உட்கார்ந்தபடியே அறிவித்தார். "சட்டசபைல என்ற மொதப் பேச்சே இந்த மருந்துதானுங்க!"

பட்டையைக் கழற்றியதும் எழுந்து நின்று, கால் நன்றாக இருக்கிறதா என்று இரண்டு முறை உதறிப் பார்த்தார். கொதிக்கிற காப்பியை ஒரே மடக்கில் குடித்தார். எப்படி முடிந்ததோ, அது இன்றுவரை யாருக்கும் விளங்காத விஷயம். போய்விட்டார். வீடியோவை ஊரே பார்த்தது.

எதிர்த்து நின்றவர் திருமூர்த்தி. நாற்பது வயது வக்கீல். கெட்ட பேர் எதுவும் இல்லை. ஒரே ஒரு பேர்தான்: திமிர். கும்பிடக் கையைத் தூக்க மாட்டார், இடுப்பு உயரத்திலேயே சேர்த்து வைத்திருப்பார். பொன்னாடை போர்த்தினால் பக்கத்து ஆள்தான் எடுத்து மடிப்பார். மேடைப் படியில் நடந்து ஏறியதை யாரும் பார்த்ததில்லை. நாலு பேர் தோளில் தூக்கித்தான் ஏற்ற வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலே, வேட்டிக்கு ஷூ. கறுப்பு ஷூ, ஒட்டுகிற பட்டி வைத்தது.

"வேட்டிக்கு ஷூ போட்ட துரை" என்று டீக்கடையில் பேர் விழுந்துவிட்டது. "பல்லக்கு ஒண்ணுதான் பாக்கி" என்பார்கள்.

துளசிமணி அதையெல்லாம் பொருட்படுத்தவில்லை. அவருக்கும் சொல்லியனுப்பினாள்.

அவரும் வந்தார். வீட்டு வாசலில் மூன்று படி. மூன்றே மூன்று. அதன் முன்னால் வந்ததும் ஆட்கள் "எங்கள் அண்ணன்" என்று கோஷம் போட்டுத் தோளில் தூக்கினார்கள். அப்படியே உள்ளே கொண்டுவந்து, போட்டிருந்த நாற்காலியில் இறக்கினார்கள். ஷூ காலிலேயே இருந்தது.

நடுவீட்டில், சாமி படத்துக்கு நேரே, ஷூ! துளசிமணிக்குக் காது இரண்டிலும் ஆவி பறந்தது. இழவுக்கு வந்தவன்கூடச் செருப்பைக் கழற்றிவிட்டு வருகிற வீடு அது. பல்லைக் கடித்துக்கொண்டு காப்பியை இன்னும் ஒரு கொதி விட்டாள்.

"ஷூவைக் கழட்டிட்டுக் கட்டலாங்களா?" என்று நேத்ரா கேட்டாள்.

"வேண்டாங்க. மேலயே கட்டுங்க."

மிருதுளா எதிரே நாற்காலியில் இருந்தாள். அவள் பார்வை அந்த ஷூவின் மேலேயே இருந்தது. பட்டை முனகியது. எல்லோரும் அவர் முகத்தைப் பார்த்தார்கள். போன்கள் எல்லாம் அவர் முகத்தைப் பார்த்தன.

முகத்தில் ஒன்றுமே இல்லை.

"என்ன தெரியுதுங்க?" என்றாள் துளசிமணி.

"ஒண்ணும் தெரியலீங்களே."

"காலை அசைச்சுப் பாருங்க."

அவர் தன் காலைப் பார்த்தார். பட்டையைப் பார்த்தார். "ஒரு வித்தியாசமும் தெரியலீங்க" என்றார் மறுபடி, மெதுவாக. பிறகு மிருதுளாவைப் பார்த்தார்.

"சரி, எந்திரிச்சு ரெண்டு எட்டு நடந்து பாருங்க."

"இல்லீங்க. எந்திரிக்கலே."

கூட்டம் முணுமுணுத்தது. அவரோ யாரையும் கவனிக்காமல் மிருதுளாவிடம் கேட்டார்: "உங்களுக்கு மொதல்ல எது போச்சுங்க?"

"செருப்பு" என்றாள் மிருதுளா. "நடக்கறப்ப கால்ல நிக்காது. எங்க வுட்டேன்னே தெரியாது."

"அதுக்கப்புறம்?"

"படி. வெறும் வாசப்படி தட்டும்."

"கைக்கு வர்றதுக்கு எத்தன நாளாச்சு?"

துளசிமணிக்குத் தாங்கவில்லை. "ஏனுங், இது கோர்ட்டுங்களா? குறுக்கு விசாரணை பண்றீங்க? அழுகாட்டிப் போவுது, மருந்து கேப்பேன்னு ஒரு வார்த்தை சொல்லுங்க."

  திருமூர்த்தியின் நெற்றியில் வேர்த்திருந்தது. "இன்னிக்கு நான் எந்த வாக்கும் குடுக்கற நெலமைல இல்லீங்க" என்றார். கையைக் காட்டினார். ஆட்கள் தூக்கினார்கள். காப்பி ஆவி பறக்க அப்படியே இருந்தது.

பட்டை கெட்டுவிட்டதோ என்று நேத்ரா தன் காலில் கட்டிப் பார்த்தாள். உடனே பாதம் துவண்டது. "பட்டை நல்லாத்தான் இருக்குதுங்க்கா. அவருக்குத்தான்…" என்று குழம்பினாள். "தெரிஞ்சும் தெரியாத மாதிரி உக்காந்துட்டாரு போலிருக்குது."

"கல்லுல கட்டினா கல்லுக்கு என்ன தெரியும்?" என்றாள் துளசிமணி.

அன்று ராத்திரிக்குள் 'ஒண்ணும் தெரியல' வீடியோ நல்லதம்பியின் அழுகையைவிட வேகமாக ஓடியது. துளசிமணி அதோடு விடவில்லை. வாழ்க்கையில் முதல் தடவையாக மைக்கைப் பிடித்தாள். வேனில் ஏறி நின்று தெருத்தெருவாகப் போனாள். "எங்க நடுவீட்டுக்கு ஷூவோட வந்தானுங்க! எம் பொண்ணு காலைப் பாத்து ஒண்ணும் தெரியலீன்னானுங்க!" கேட்ட பெண்கள் வீட்டுக் கதவு எல்லாம் நல்லதம்பிக்குத் திறந்தது. அன்வரைக்கூட ஜமாலுதீன் வேனில் ஏற்றினார். மிருதுளா மட்டும் வரவில்லை.

"நீயும் வந்து ஒரு வார்த்தை சொன்னா என்ன கண்ணு?"

"வேண்டாம்மா. அந்த வீடியோவ நிறுத்தச் சொல்லேன்."

"ஏன்? பொய்யா?"

"பொய்யில்லே" என்றாள் மிருதுளா. வரைவதற்குத் திரும்பிக்கொண்டாள்.

திருமூர்த்தி தோற்றார். சொற்ப வித்தியாசம், எண்ணி எண்ணி அதிகாரிகளின் விரல் தேய்ந்தது. வெள்ளியம்பாளையத்துத் துளசிமணிதான் தோற்கடித்தாள் என்று எல்லாப் பத்திரிகையும் எழுதின. அவள் தெருவில் நடந்தால் ஆண்கள் பீடியை மறைத்தார்கள்.

நல்லதம்பி சொன்ன சொல்லைக் காப்பாற்றினார். சட்டசபையில் முதல் பேச்சு தளர்வைப் பற்றித்தான். துளசிமணி வீட்டில் எல்லோரும் டி.வி. முன்னால் உட்கார்ந்திருந்தார்கள். பட்டை கட்டிய கதையை அவர் உருக்கமாகச் சொன்னார். சபையே கலங்கிற்று. மந்திரிகள் வரிசையாகப் பட்டை கட்டி, வரிசையாக விழுந்து, வரிசையாக அழுதார்கள். இப்படி ஒரு அற்புதமான கருவியை நாடே உணர வேண்டாமா என்று கேட்டார் ஒருவர். தளர்வுக்கென்று ஒதுக்கிய நிதி முழுவதும் பட்டை வாங்கப் போயிற்று. பள்ளிக்கூடம்தோறும் பட்டை. வருஷத்துக்கு ஒரு நாள் 'பரிவு நாள்'. பிள்ளைகள் மைதானத்தில் மூன்று நிமிஷம் தொப்புத் தொப்பென்று விழுந்து, எழுந்து, லட்டு வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போயின.

மருந்து? அது அடுத்த நிதியாண்டு. அப்புறம் அதற்கடுத்தது.

துளசிமணி நல்லதம்பி வீட்டுக்கு நடையாய் நடந்தாள். அவர் இன்னும் கும்பிட்டார். "எனக்குத் தெரியாதாங்க்கா அந்த வலி? நானே பட்டேனே!" என்றார். அவர் சொன்னதில் பொய் இல்லை. மூன்று நிமிஷம் பட்டது, மூன்று நிமிஷத்தில் போய்விட்டது. அழுதாயிற்று, கணக்குத் தீர்ந்தது என்று அவர் மனசு நிம்மதியாக இருந்தது.

இரண்டாவது பரிவு நாள் கழிந்த ஒரு மத்தியானம், மிருதுளா ஒட்டகச்சிவிங்கி வரைந்துகொண்டிருந்தாள். கால் நாலும் வந்தது. உடம்பு வந்தது. கழுத்தைப் பாதிவரை இழுத்தாள். பேனா கீழே விழுந்தது.

துளசிமணி எடுத்துக் கொடுத்தாள். விழுந்தது. மறுபடி எடுத்து, விரல்களை அவளே மடக்கிப் பிடிக்க வைத்தாள். கையை எடுத்ததும் விழுந்தது.

"வுடும்மா" என்றாள் மிருதுளா. "அதுக்கு அவ்வளவுதான் கழுத்து."

அந்தப் படமும் கப்பலேறிப் போனது. குட்டைக் கழுத்து ஒட்டகச்சிவிங்கி நன்றாக விற்றதாகக் கம்பெனியில் சொன்னார்கள். அதன்பிறகு துளசிமணி கூட்டங்களில் பேசுவதைக் குறைத்துக்கொண்டாள். ஒலிபெருக்கிக்காரனை முறியடித்த அந்தக் குரல், பக்கத்தில் இருப்பவருக்கே பாதிதான் கேட்டது.

அடுத்த சங்கக் கூட்டத்தன்று வாசலில் ஓர் ஆட்டோ வந்து நின்றது. உள்ளேயிருந்து முதலில் ஒரு ஊன்றுகோல் வந்தது. பிறகு ஒரு கறுப்பு ஷூ, ஒட்டுகிற பட்டி வைத்தது.

துளசிமணி வாசற்படியில் விறைத்து நின்றாள். திருமூர்த்தி தனியாக வந்திருந்தார். கோஷமில்லை, துண்டு மடிக்க ஆளில்லை. ஆட்டோவிலிருந்து படிவரைக்கும் நாலு எட்டு. அந்த நாலு எட்டையும் அவள் பார்த்தாள். ஒவ்வொரு எட்டுக்கும் முழங்கால் இடுப்புவரை உயர்ந்தது, கண்ணுக்குத் தெரியாத சாக்கடையைத் தாண்டுகிற மாதிரி. பாதம் தொங்கிக்கொண்டே வந்து, தட்டென்று விழுந்தது.

அந்த நடையை அவள் இந்த வீட்டுக்குள் ஒரு வருஷம் பார்த்திருக்கிறாள். சக்கர நாற்காலி வருவதற்கு முந்தின வருஷம். சத்தத்தை வைத்தே மகள் எந்த அறையில் இருக்கிறாள் என்று சொல்வாள்.

"சங்கத்துல சேரலாம்னு வந்தனுங்க" என்றார் அவர். "சேத்துக்குவீங்களா?"

அவள் மறுபடி அந்தப் பாதங்களைப் பார்த்தாள். 

"எப்பத்திலிருந்துங்க?" என்றாள்.

"மூணு நாலு வருஷமா காலு சரியில்லே. முதுகு டிஸ்க்குன்னாங்க. எண்ணெய் போட்டு நீவினாங்க. கட்சில வெளிய சொல்லாதீங்கன்னாங்க. நொண்டிக்கு ஆரு ஓட்டுப் போடுவாங்க? ஆளுக தூக்கிட்டுத் திரிஞ்சாங்க." கொஞ்சம் மூச்சு வாங்கினார். "இதுக்குப் பேரு என்னன்னு எனக்குத் தெரிஞ்சது உங்க வீட்டு நாற்காலிலதானுங்க. பட்டையைக் கட்டினீங்க, ஒரு வித்தியாசமும் தெரியலே. என்ற காலும் உங்க பொண்ணு காலும் ஒண்ணுதான்னு அந்தப் பட்டை சொல்லுது. சுத்தி அத்தனை போனு. நான் எதிர்ல பாக்கறேன், உங்க பொண்ணோட எடது கை மடில கெடக்குது. நாளைக்கு என்ற கை அப்படித்தான்னு…"

 அவருடைய வலது கை ஊன்றுகோலைப் பிடித்திருந்தது. இடது கை சட்டைப் பையில் இருந்தது. தானாக அங்கே போயிருக்கவில்லை, யாரோ எடுத்து வைத்துவிட்டது போல் இருந்தது.

மூன்று வருஷமாக ஒவ்வொரு வீட்டிலும் தளர்வின் முதல் அறிகுறிகளைத் தேடித் திரிந்த சங்கம் அது. பக்கத்து வீட்டுப் பிள்ளை கால் தடுக்கினால்கூட டாக்டரிடம் அனுப்புவார்கள். நாற்காலியில் வந்து உட்கார்ந்த வேட்பாளரின் முகத்தில் கண்ணீர் வருகிறதா என்று மட்டும் பார்த்தார்கள். காலைப் பார்க்கவில்லை.

துளசிமணி திரும்பி மகளைப் பார்த்தாள். மிருதுளாவின் முகத்தில் ஆச்சரியமே இல்லை.

"உனக்குத் தெரியுமா கண்ணு?"

"ஷூ ஒரு சைஸ் பெருசும்மா" என்றாள் மிருதுளா. "உள்ள பிளாஸ்டிக் தாங்கி வெச்சாத்தான் அப்படிப் போடுவாங்க. எனக்கும் வாங்கிக் குடுத்தியே. அப்புறம் அவரு மூஞ்சி. ஒண்ணும் தெரியாத மூஞ்சி இல்லே அது. டாக்டர் சொன்ன அன்னிக்குக் கண்ணாடில நான் பாத்த மூஞ்சி."

"அப்பவே சொல்லியிருந்தா…" என்றாள் துளசிமணி. "வேனேறி ஊரெல்லாம் திட்டினேனே. ஒரு வார்த்தை சொல்லியிருந்தா இவரு ஜெயிச்சிருப்பாரே. உன்ற கை இருந்திருக்குமேடி!"

"கை என்னுதும்மா. அந்தச் சேதி அவருது. அவரு வாயால சொல்லாத நான் எப்படிச் சொல்றது?"

 ஜமாலுதீன் மூக்கை உறிஞ்சினார்.

"ஜெயிச்சிருந்தா கேட்டிருப்பீங்களா?" என்று துளசிமணி வாசலைப் பார்த்துக் கேட்டாள். கோபமாகக் கேட்கத்தான் நினைத்தாள்.

"தெரியலீங்க. அப்ப பயந்துட்டிருந்தேன். கேட்டிருப்பேன்னு இப்பச் சொன்னா, அது தேர்தல் வாக்குறுதியாட்டப் போயிரும்." அவர் மூன்று படிகளையும் அண்ணாந்து பார்த்தார், பழனி மலையைப் பார்க்கிற மாதிரி. "முன்னெல்லாம் இதைப் பத்தி யோசிச்சதே இல்லீங்க. தோத்தவனை ஆரு தோள்ல தூக்குவாங்க?"

ஊன்றுகோலைச் சுவரில் சாய்த்துவிட்டு, கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு குனிந்தார். ஒற்றைக் கையால் ஷூவின் பட்டியை இழுக்கப் பார்த்தார். விரல் வழுக்கியது. மறுபடி இழுத்தார். பட்டி கொஞ்சம் விலக, உள்ளே வெள்ளைப் பிளாஸ்டிக் தெரிந்தது.

துளசிமணி படியிறங்கினாள். கீழே உட்கார்ந்து, அந்தப் பட்டியைத் திரும்ப அழுத்தி ஒட்டினாள்.

"இருக்கட்டுங்க. ஷூவோடவே உள்ள வாங்க."

பிறகு திரும்பி, "பாய், இங்க ஒரு கை குடுங்க" என்றாள். ஜமாலுதீன் வந்தார். இன்னும் இரண்டு தகப்பன்மார் வந்தார்கள். பிள்ளைகளைத் தூக்கித் தூக்கிப் பழகிய தோள்கள். மேடை ஏற்றும் பல்லக்குக்காரர்களைவிட நோகாமல் தூக்கத் தெரிந்தவை. சத்தம் போடாமல் அவரைத் தூக்கி உள்ளே கொண்டுவந்து, மிருதுளாவுக்கு எதிரே அதே நாற்காலியில் உட்கார வைத்தார்கள்.

துளசிமணி அடுப்படிக்குப் போய்க் காப்பி போட்டாள். டம்ளரிலும் டவராவிலும் மாற்றி மாற்றி ஆற்றினாள், மகளுக்கு ஆற்றுகிற மாதிரி, உதட்டில் வைத்துச் சூடு பார்த்து. அந்த வீட்டுக்கு வந்த வேட்பாளர்களில் ஆறின காப்பி குடித்தவர் அவர் ஒருவர்தான்.